பட்டாளத்துக்குப் போன தோட்டத்து துரை

கைதிகள் சீட்டியடித்தபடி அணிவகுத்து வரும் குவாய் நதிப் பாலம் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையை எழுதியவர் நம் நாட்டு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அவர் பெயர் பியர் பூல். பிரெஞ்சுக்காரர், இன்ஜினியர். 1936-இல் மலாயாவுக்கு வந்தார். போர் மூண்டதும் பட்டாளத்தில் சேர்ந்து, சிங்கப்பூரில் உளவுப் பயிற்சி பெற்றார். இந்தோசீனாவுக்குள் ரகசியமாக நுழைந்தபோது பிடிபட்டார். சிறையில் வாடி, 1944-இல் தப்பினார். பிறகு தோட்ட வேலையை உதறிவிட்டுப் பாரிசில் பேனா பிடித்தார். 1952-இல் அந்த நாவல் வெளிவந்தது.

1957-இல் வந்த படத்தை இலங்கையின் கித்துல்கலவில் எடுத்தார்கள். அது 7 ஆஸ்கார் விருதுகளை அள்ளியது. திரைக்கதை விருது பூலுக்குக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், திரைக்கதையை அவர் எழுதவே இல்லை! எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். அதனால் படத்தில் அவர்கள் பெயர் போடப்படவில்லை. 1985-இல் விருது வந்து சேர்ந்தபோது இருவரும் உயிரோடு இல்லை.

எழுதியவர்களுக்காவது காலம் கடந்து நியாயம் கிடைத்தது. ரயில் பாதை போட்டவர்களுக்கு?

படம் வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் பாதையில் அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் தமிழர், மலாய்க்காரர், பர்மியர் என்று ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் வாரிக்கொண்டு போயின. நம் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஏற்றப்பட்டவர்கள், அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசாரைத் தாண்டிப் போனார்கள். பலர் திரும்பவேயில்லை.

காஞ்சனாபுரி மயானத்தில் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் காட்டு மண்தான் மிஞ்சியது. கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

“தாத்தா சயாமுக்குப் போனார், வரவேயில்லை” என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் உண்டா? பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அவர் பெயர், எந்தத் தோட்டம், யாரோடு போனார் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் கதையை ஹாலிவுட்காரன் வந்து எழுதப் போவதில்லை. நாம்தான் எழுத வேண்டும்.