அப்பிளின் கைவண்ணம் மங்கிவிட்டதா?

சென்ற கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சொற்போர் நடந்தது. பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலும் என் மருமகனும், உயர்தர வகுப்பிற் படிக்கும் அவன் தங்கையும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். அமெரிக்காவிலுள்ள அப்பிள் கம்பனியார் புதிதாக எதையும் ஆக்குவதில்லை, பழைய பொருளுக்கே புதிய எண்ணைச் சூட்டி விற்கின்றனர் என்பது தமையனின் கட்சி. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் வாங்கும் பொருள் சிறப்பற்றதாய் இருக்குமோ என்பது தங்கையின் கட்சி. இறுதியில், "மாமா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ" என்று இருவரும் என்னிடம் வந்தனர்.

அன்று யான் கூறியதை வாசகர்களுக்கும் கூறுவதில் தவறில்லை. கைத்தொலைபேசி ஒன்றுக்காகப் பல மாதச் சம்பளத்தை எடுத்து வைக்கும் குடும்பங்களுக்கும், நாளை பொருள்களை ஆக்கப்போகும் மாணவருக்கும் இஃது வெறும் வம்புப் பேச்சன்று.

1976ஆம் ஆண்டு தொடங்கிய அக்கம்பனி, 1997இல் முறிந்துவிடும் நிலையில் இருந்தது. முன்னர் வெளியேறிய ஸ்டீவ் ஜொப்ஸ் அவ்வாண்டு தலைமைக்கு மீண்டார். ஜொனதன் ஐவ் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர் அங்கே ஏற்கெனவே பணிபுரிந்துகொண்டிருந்தார். இருவரும் கூடி 1998இல் வெளியிட்ட ஐமக் கணினி, உள்ளிருப்பது தோன்றும் நீலநிறக் கூட்டுடன் வந்தது. அதன் தலையில் ஒரு கைப்பிடியும் இருந்தது. தூக்கிச் செல்வதற்காக மட்டும் அது வைக்கப்படவில்லை. கணினியைக் கண்டு அஞ்சுவோரும் கைப்பிடியைக் கண்டால் தயக்கமின்றித் தொடுவர் என்று ஐவ் கருதினார். மனித மனத்தை அறிந்து செய்த வேலை என்பது இதுவே.

2001இல் வந்த ஐபொட், ஆயிரம் பாடல்களை ஒரு சிறு சக்கரத்தின் சுழற்சிக்குள் அடக்கியது. 2007இல் வந்த ஐபோன், பொத்தான்கள் நிறைந்திருந்த தொலைபேசியின் முகத்தைத் துடைத்து ஒரே கண்ணாடியாக்கியது. எழுத்துகள் வேண்டும்போது தோன்றும், வேண்டாதபோது மறையும். இன்று எந்த நிறுவனத்தின் தொலைபேசியை எடுத்தாலும் அந்த முகத்தையே காண்கின்றோம்.

இனி, குறைகளைப் பார்ப்போம். 2013இல் உருளை வடிவில் வந்த மக் புரோ கணினி கண்ணுக்கு விருந்தாயிருந்தது. ஆனால் அதனுள்ளே வெப்பத்தை வெளியேற்றும் வழி குறுகியமையால், பின்னர் வந்த ஆற்றல்மிக்க பாகங்களை அதிற் பொருத்த இயலவில்லை. 2015இல் வந்த சுட்டியின் மின்னேற்றும் துளை அதன் அடிவயிற்றில் அமைந்தது. ஆதலால் மின்னேறும் வேளையிற் சுட்டியைப் புரட்டிக் கிடத்த வேண்டும். வேலை செய்ய முடியாது. அதே ஆண்டில் மடிக்கணினியை மெல்லியதாக்கும் பொருட்டு விசைப்பலகையையும் மெல்லியதாக்கினர். சிறு தூசி புகுந்தாலும் சில எழுத்துகள் விழாதொழிந்தன. சில இருமுறை விழுந்தன. இதுபற்றி அமெரிக்காவில் எழுந்த வழக்கை முடிக்க, 5 கோடி டொலர் கொடுக்க 2022இல் கம்பனி உடன்பட்டது.

ஜொப்ஸ் 2011இல் மறைந்தமையும், ஐவ் 2019இல் விலகியமையுமே வீழ்ச்சிக்குக் காரணம் என்பாருளர். இக்கூற்று முழுதும் பொருந்தாது. மேற்சொன்ன குறைகள் யாவும் ஐவ் அங்கிருந்த காலத்தில் நேர்ந்தவை. ஜொப்ஸ் காலத்திலும் யானைக்கு அடி சறுக்கியதுண்டு. 1998இல் வந்த வட்டச் சுட்டி கைக்கு அடங்கவில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த கனசதுரக் கணினி விலைபோகவில்லை. ஆயின் வட்டச் சுட்டி இரண்டாண்டில் மாற்றப்பட்டது. கனசதுரக் கணினியின் உற்பத்தி ஓராண்டில் நிறுத்தப்பட்டது. பிற்காலத்து விசைப்பலகையோ 2020 வரை நீடித்தது. உருளைக் கணினிக்கு மாற்று வர ஆறாண்டு சென்றது. 2024இல் அச்சுட்டியைத் திருத்தி வெளியிட்டபோதும் துளை அடிவயிற்றிலேயே இருந்தது! பிழை நேர்வது எக்காலத்துக்கும் பொது. அதை ஒப்புக்கொள்ளும் விரைவே குறைந்தது என்பது என் கருத்து.

தங்கையின் கட்சியிலும் நியாயம் உண்டு. 2015இல் வந்த கைக்கடிகாரமும், 2016இல் வந்த கம்பியில்லாச் செவிக்கருவியும் ஜொப்ஸுக்குப் பின் வந்தவையே. 2020இல் கம்பனி தானே வகுத்த எம்1 என்னும் சில்லினால், மடிக்கணினியொன்று விசிறியின்றி, ஓசையின்றி, நெடுநேரம் இயங்கியது. 2021இல், முன்பு அழகுக்காக நீக்கிய செருகுதுளைகளை மடிக்கணினியில் மீண்டும் வைத்தனர். கணினி சற்றுத் தடித்தது, பயன்படுத்துவோர் மகிழ்ந்தனர்.

மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். மிதிவண்டி தன் இன்றைய வடிவத்தை 1885ஆம் ஆண்டளவில் அடைந்தது. அதன் பின்னர் இரு சக்கரத்தை எவரும் மூன்றாக்கவில்லை என்பதற்காக மிதிவண்டி செய்வோரை நாம் பழிப்பதில்லை. தொலைபேசியும் அவ்வாறே தன் வடிவத்தை அடைந்துவிட்டது போலும். ஆண்டுதோறும் அதிசயம் வேண்டும் என்பது விளம்பரம் நமக்குப் பழக்கிய பசி.

எனினும், புதிய துறையிற் கால்வைக்கும்போது பழைய கூர்மை காணப்படவில்லை. 2024இல் 3,499 டொலர் விலையில் வந்த விஷன் புரோ என்னும் முகக்கருவி தொழில்நுட்பத்தில் வியத்தகு பொருளே. ஆனால் முகத்திற் பாரம். மின்கலமோ கம்பியில் தொங்கும். அது எவ்வேலைக்கு இன்றியமையாதது என்பதும் விளங்கவில்லை. 2025இல் திரைகளுக்குக் கண்ணாடி போன்ற தோற்றம் தந்தனர். எழுத்துத் தெளிவில்லை என்று பலர் முறையிட்டபின், அவ்வாண்டிலேயே ஒளி ஊடுருவலைக் குறைக்கும் வசதியைச் சேர்த்தனர். படிப்பதற்கு அமைந்த திரையிற் படிக்க முடிகின்றதா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டாமா?

ஆகவே யான் கூறிய தீர்ப்பு இதுவே. அக்கம்பனியின் கைத்திறன் குன்றவில்லை. உலோகத்தையும் கண்ணாடியையும் இழைப்பதில் அவர்கள் இன்றும் வல்லவரே. குன்றியது, அஞ்சுகின்ற ஒருவருக்காகக் கைப்பிடி வைத்த அந்தக் கரிசனை. அது சிற்சில வேளைகளில் மீள்கின்றது; நிலைத்து நிற்கவில்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் ஒரு பொருளை வகுக்கும் நாளில், அதைப் பயன்படுத்தப்போகும் ஒருவரை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். அவர் முகஞ் சுளித்தால் உங்கள் வரைபடத்தைக் கிழிக்கத் தயங்காதீர்கள்.

தீர்ப்பைக் கேட்ட மருமகன் வென்றவன்போற் சிரித்தான். தங்கையோ, "அப்படியானால் இந்த வருடம் எனக்குப் புதுத் தொலைபேசி இல்லையா, மாமா?" என்றாள். கையிலுள்ளது பழுதா என்று வினவினேன். பழுதில்லை என்றாள். தீர்ப்பின் எஞ்சிய பகுதியை அவளே கூறிவிட்டாள் அல்லவா!