வள்ளம் பிடிபட்டது, உடையவன் எங்கே?

கற்பிட்டிக் கடலில் வள்ளம் பிடிபட்டது என்னும் செய்தி நமது வாசகர்களுக்குப் புதியதன்று. ஒருநாள் பீடி இலை, மற்றொருநாள் மஞ்சள், பிறிதொருநாள் தங்கம். பொருளின் நிறையும் கைதானோரின் தொகையும் மறுநாளே வெளிவருகின்றன. ஆனால், அப்பொருளுக்கு முதலிட்டவன் யார், வந்த இலாபம் எந்நாட்டில் எவர் பெயரில் உறங்குகிறது என்னும் கேள்விக்கு விடை வருவது அரிதினும் அரிது.

2023 ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்குக் கடத்தப்பட்ட 32 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தை மன்னார்க் குடாவில் இந்திய அதிகாரிகள் கைப்பற்றினர். அதன் பெறுமதி ஏறத்தாழ 20 கோடி இந்திய ரூபா. அதற்கு முந்திய ஆண்டில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று வாடிய கடற்றொழிலாளியா இத்துணைத் தங்கத்துக்கும் முதலிடக்கூடியவன்? அவன் கூலிக்குச் சுமப்பவன். எய்தவன் இருக்க அம்பை நோவதால் பயன் என்ன?

பெருஞ்செல்வம் கடல் கடக்க வள்ளமும் வேண்டுவதில்லை, காகிதமே போதும். ஒரு நாட்டிற் கம்பனி, இன்னொரு நாட்டில் அறக்கட்டளை, மூன்றாம் நாட்டில் மாளிகை. எங்கும் உடையவன் பெயர் இராது. 2021 ஒக்டோபரில் வெளியான பண்டோரா ஆவணங்களில் முன்னாட் பிரதி அமைச்சர் நிருபமா ராஜபக்ஷவின் பெயரும் அவர் கணவரின் பெயரும் இடம்பெற்றன. ஆவணத்திற் பெயர் வந்ததனாலேயே எவரும் குற்றவாளியாகிவிடார். எனினும், நாடு 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று கைவிரித்தபின், இந்நாட்டவரின் செல்வம் எங்கெங்கே கிடக்கிறதென்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

காலம் தாழ்த்தினால் நேர்வதென்ன என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சான்று. மார்க்கோஸ் 1968 இல் 'வில்லியம் சோண்டர்ஸ்' என்னும் பொய்ப்பெயரிற் சுவிஸ் வங்கியிற் கணக்குத் திறந்தார். 1986 இல் அவர் நாட்டைவிட்டு ஓடினார். சுவிஸ் வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 68 கோடி டொலர் அந்நாட்டு அரசின் கைக்கு வந்து சேர 2004 ஆம் ஆண்டாயிற்று!

நமக்குச் சட்டம் இல்லை என்று இனி எவரும் கூறவியலாது. பிறநாடுகளோடு குற்றவியல் விடயங்களில் ஒத்துழைக்கும் சட்டம் 2002 முதல் உண்டு. களவாடப்பட்ட செல்வத்தை உரிய நாட்டுக்கு மீட்டளிப்பதை அடிப்படைக் கோட்பாடாகக் கொண்ட ஐக்கிய நாடுகள் ஊழலெதிர்ப்புச் சமவாயத்தை இலங்கை 2004 இல் ஏற்றது. குற்றச்செயலால் வந்த சொத்துக்களை முடக்கவும், குற்றத்தீர்ப்புக்கு முன்னரே நீதிமன்றத்தின் வழியாகப் பறிமுதல் செய்யவும் இடந்தரும் 5 ஆம் இலக்கச் சட்டம் 2025 இல் நிறைவேறியது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே: புத்தளக் கரையிற் பிடிபடும் ஒவ்வொரு பெருங்கடத்தலும் வள்ளத்தோடு முடியாது, பணத்தின் தடம்பற்றிய விசாரணையாக விரிதல் வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் அகப்படுவோர் தரும் செய்தியை அரசு முறைப்படி கேட்டுப் பெறுதல் வேண்டும். முடக்கிய சொத்து எவ்வளவு, மீட்டது எவ்வளவு என்று ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும்.

கடனுக்கு வாங்கிய வள்ளத்தைப் பறிமுதல் செய்யத் தயங்காத அரசு, கடல்கடந்த மாளிகையின் கதவைத் தட்டவும் தயங்கலாகாது. ஏழைக்கு ஒரு நீதி, செல்வனுக்கு ஒரு நீதி என்னும் நிலையை மக்கள் இனியும் பொறுக்கமாட்டார்கள்.