‘எனக்குப் பிடிக்காது’



அறுபது வயதைக் கடந்த தாய் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அவர் எழுதித் தரும் மாத்திரைகளை அத்தாய் தட்டாமல் விழுங்கிவிடுகிறார். இனிப்பையும் விட்டுவிடுகிறார். சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்னும்போதுதான் வீட்டில் வழக்குத் தொடங்குகிறது. முட்டையின் வாடை வயிற்றைப் புரட்டுகிறதாம், மீன் குமட்டுகிறதாம், பருப்பு வாயுவாம், இறைச்சி தொண்டையில் இறங்க மறுக்கிறதாம். பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள், தாய் மறுக்கிறார். "அம்மா ஒரே பிடிவாதம் சாமி, நீங்களாவது சொல்லுங்கள்" என்று மகன் முறையிடுகிறார். வீடு சந்திக்கச் செல்லும் இடங்களில் அண்மைக்காலமாக நான் அடிக்கடி கேட்கும் முறையீடு இது.

இந்த வழக்கில் நான் முதலில் தாயின் பக்கமே நிற்கிறேன். ஓர் உணவைக் கண்டு வயிறு புரளுவது மனத்தின் அடம் அன்று. பெரும்பாலும் அது உடலின் நினைவு. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் கார்சியா என்னும் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் எலிகளுக்கு இனிப்பு நீரைக் கொடுத்து, அதே வேளையில் அவற்றின்மேல் கதிர்வீச்சைச் செலுத்தினார்கள். அதன்பின் அந்த எலிகள் இனிப்பு நீரையே ஒதுக்கின. மனிதர் உடலும் இவ்வாறே கற்றுக்கொள்கிறது. கெட்டுப்போன மீனை உண்டு ஒருமுறை வாந்தியெடுத்தவருக்கு, பல ஆண்டுகள் கழிந்தபின்னும் அந்த வாடை பட்டவுடன் குமட்டல் வருவதுண்டு. 2020-க்குப் பின் கொரோனா கண்டு தேறியவர்களுள் சிலருக்கு இறைச்சியும் முட்டையும் வெங்காயமும் அழுகல் நாற்றம் வீசியதை நாம் அறிவோம். அவர்களை யாரும் பிடிவாதக்காரர் என்று சொல்லவில்லை.

நம் தாய்மாரின் வெறுப்பிற்கோ மருத்துவ நூல்களில் காணாத வேறொரு வேரும் உண்டு. எட்டுப் பேர் உள்ள குடும்பத்தில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரைக் கிலோ இறைச்சி வாங்கிய காலத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பனுக்கு முதலில், பின்பு ஆண்பிள்ளைகளுக்கு, பின்பு பெண்பிள்ளைகளுக்கு. சட்டியில் எஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து உண்டவர் தாய். "உனக்கு இல்லையா அம்மா?" என்று சின்னவன் கேட்டிருப்பான். "எனக்குப் பிடிக்காது ராசா, நீ சாப்பிடு" என்று பதில் வந்திருக்கும். முதல் ஆண்டில் அது அன்பினால் சொன்ன பொய். முப்பது ஆண்டுகள் வாரந்தோறும் சொல்லப்பட்டபின் நாக்கு அதை நம்பிவிட்டது, வயிறும் நம்பிவிட்டது. அந்த இறைச்சியை உண்டு வளர்ந்த மகனே இன்று அவரைப் பிடிவாதக்காரி என்கிறார்!

எங்கள் கிளைக்கிராமம் ஒன்றில் வாழும் ஒரு தாயின் செய்தியை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். (அவர் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை, திண்ணையில் அமர்ந்து, மகன் முன்னிலையிலேயே சொன்னார்.) மகன் நான்கு வயதில் நச்சுக்காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இனி இறைச்சியோ மீனோ முட்டையோ தொடுவதில்லை என்று அவர் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். பிள்ளை பிழைத்தான். நாற்பது ஆண்டுகள் அவர் வாக்கைக் காத்தார், யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "பிடிக்காது" என்ற ஒரே விடைதான். அந்த மகன்தான் அன்று முட்டையை அவித்துத் தட்டில் வைத்துக்கொண்டு எதிரே நின்றார். தாய் சொல்லி முடித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நேர்ச்சை விளையாட்டன்று. ஆயினும், தகுந்த காரணம் இருந்தால், பிறருடைய உரிமைக்குக் கேடு வராத வகையில், தம் பங்கு மக்களின் தனிப்பட்ட நேர்ச்சைகளிலிருந்து விடுதலை அளிக்கப் பங்குக்குருவுக்கு அதிகாரம் உண்டு; 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1196-ஆம் சட்டம் அதைக் கூறுகிறது. இதை அறியாமல் எத்தனையோ முதியவர்கள் நோயையும் நேர்ச்சையையும் ஒருங்கே சுமக்கிறார்கள். நான் அந்தத் தாய்க்கு விடுதலை அளித்தேன். வெறுமையாக விட அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு ஏழைக் குழந்தைக்கு நாள்தோறும் ஒரு முட்டை கொடுப்பதாகத் தாமே ஏற்றுக்கொண்டார்.

நேர்ச்சை நீங்கியது, குமட்டல் நீங்கவில்லை. அப்போஸ்தலர் பணி நூலின் பத்தாம் அதிகாரத்தில் புனித இராயப்பரும் இப்படித்தான் நிற்கிறார். யோப்பா நகரில் வீட்டுமாடியில் பசியோடு இருந்தவருக்கு வானிலிருந்து உணவு இறக்கிக் காட்டப்படுகிறது. உண்ணும்படி குரலும் கேட்கிறது. அவரோ, தீட்டானதை ஒருநாளும் உண்டதில்லை என்று மறுத்துவிடுகிறார். அந்தக் காட்சி உணவைப் பற்றியதன்று, புற இனத்தாரைப் பற்றியது என்பதை நான் மறக்கவில்லை. எனினும் விண்ணகக் குரலுக்கே ஓர் அப்போஸ்தலரின் நாக்கு உடனே இணங்கவில்லை. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. நம் தாய்மாருக்கு முப்பது முறை ஆகட்டுமே.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்கலாம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.83 கிராம் புரதம் தேவை என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து வல்லுநர் வகுத்துள்ள அளவு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 46 கிராம் ஆகும். நாளைக்கு 200 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்தே ஏறத்தாழ 15 கிராம் கிடைத்துவிடுகிறது. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால், இருந்த சிறு புரதமும் பாதியாகிறது. உடலில் தசை கரைகிறது, கால் தளர்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவு எடுத்துச் செலவிடுவதும் அந்தத் தசைதான். சோர்வு தாங்காமல் மூன்றாம் வாரத்தில் பழைய சோற்றளவுக்கே திரும்பிவிடுகிறார்கள். பழி மருத்துவர்மேல் விழுகிறது.

ஆகவே மெல்ல, சிறுகச் சிறுகத் தொடங்க வேண்டும். அந்தத் தாய் முட்டையில் தொடங்கவில்லை. ஏற்கெனவே அவர் நாக்கு அறிந்த பாசிப்பருப்பில் தொடங்கினார். தோசை மாவில் ஊறவைத்து அரைத்த பாசிப்பருப்பை முதலில் ஒரு கரண்டி, அடுத்த வாரம் இரண்டு கரண்டி என்று சேர்த்து, ஒரு மாதத்தில் அதை அடையாகவே உண்ணலானார். பொட்டுக்கடலைப் பொடி, துவரம்பருப்புத் துவையல், கைப்பிடி நிலக்கடலை, ஒரு குவளைத் தயிர் என்று பட்டியல் வளர்ந்தது. பருப்போ கடலையோ 30 கிராம் சேர்ந்தால் ஏறத்தாழ 7 கிராம் புரதம். ஒரு முட்டைக்கு 6 கிராம். வாயுவுக்கு அஞ்சுகிறவர்கள் பயற்றை இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்துக் குழைய வேகவிட்டால் தொல்லை குறையும்.

முட்டையின் வாடைக்குப் பாதிக் காரணம் நாம் அதை அளவுக்கு மீறி அவிப்பதே. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் கந்தக வாடை கிளம்பிவிட்டது என்று பொருள். பத்து நிமிடத்தில் இறக்கிக் குளிர்ந்த நீரில் போட்டுவிட வேண்டும். சின்ன வெங்காயமும் மிளகும் மிகுதியாக இட்டு உதிரியாகப் பொரித்தால் பலருக்கு இறங்கிவிடுகிறது. மீனுக்கு மஞ்சளும் புளியும் இட்டுக் கழுவும் நம் பாட்டிமார் வழக்கம் மூட நம்பிக்கையன்று. புளிப்பு அந்த வாடையை அடக்குகிறது. பல் இழந்தவர்களுக்கு வெறுப்பைவிட மெல்ல முடியாமையே உண்மைக் காரணமாக இருக்கலாம். கொத்தியோ மசித்தோ கொடுத்துப் பாருங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆட்டுக்கால் சூப்பும் கொள்ளு ரசமும் குடித்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள் பலர். வடிகட்டிய சாறு நாவுக்கு இதம். புரதமோ பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. கொள்ளை வடித்து மாட்டுக்குப் போட்டுவிட்டு நீரை நாம் குடித்தால், வலிமை பெறுவது மாடுதான்.

பல ஆண்டுகள் விரும்பி உண்டவருக்குத் திடீரென்று இறைச்சி வாடையே ஆகவில்லை என்றால், மேலே சொன்ன யோசனைகளில் காலங்கடத்தாதீர்கள். சிறுநீரகமோ ஈரலோ இரைப்பையோ நோயுற்றிருக்கலாம், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

அந்தத் தாய் ஏழாம் மாதம் பொரித்த முட்டையில் பாதியை உண்டார். மீனும் இறைச்சியும் இன்றுவரை இல்லை, வேண்டியதும் இல்லை. அவர் வீட்டில் மாறியது மற்றொன்று. மூன்று வேளை அடுப்பின் புகையிலும் வாடையிலும் நின்றவருக்குச் சமைத்து முடித்ததும் பசி போய்விடுகிறது என்பதை மகன் கண்டுகொண்டார். இப்போது இரவுச் சமையல் அவருடையது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்டவருக்கு முதல் தட்டு வைக்கப்படுகிறது. முதல் நாள் அவர் அந்தத் தட்டைப் பேரனிடம் தள்ளிவிட்டாராம். மகன் அதைத் திரும்ப நகர்த்தி வைத்தாராம்.

தவக்காலத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒருசந்திச் சட்டம் 59 வயது நிறைந்தவர்களைக் கட்டுப்படுத்தாது. சுத்தபோசன நாள்களில் விலக்கப்பட்டது இறைச்சியே. மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றுக்குத் தடையில்லை. நாற்பது நாளும் இவற்றையெல்லாம் விட்டுவிடுவது நம் முன்னோரின் பக்தி வழக்கம். நோயுற்றவர்கள் அதை மேற்கொள்ள வேண்டியதில்லை. பழைய நேர்ச்சை ஏதும் இருந்தால் உங்கள் பங்குக்குருவிடம் சொல்லுங்கள். பிள்ளைகளும் உடன் இருக்கும்போது சொன்னால் நல்லது.