படுகளத்தில் அழுவது யார்?

கந்த சஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் யானைமுகன் விழுவான், சிங்கமுகன் விழுவான், கடைசியில் சூரபத்மன் மேல் வேல் பாயும். அதே நாளில் திருத்தணி மலையில் சூரசம்ஹாரம் கிடையாது. போர் முடித்துச் சினம் தணிந்து முருகன் வந்து அமர்ந்த இடம் இது. அதனால் இங்கே அன்று புஷ்பாஞ்சலிதான், கூடை கூடையாகப் பூ. திருத்தணிக்கு அடுத்த கே.ஜி.கண்டிகையிலிருந்து இதழ் நடத்துகிற நாங்கள் ஒரு வீடியோ கேமைப் பற்றித் தலையங்கம் எழுத வந்ததற்கு இந்த வழக்கமே காரணம்.

அந்த கேமின் பெயர் ‘காட் ஆஃப் வார்’. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா ஸ்டுடியோ 2005இல் தொடங்கிய வரிசை. முதலில் வந்தவை கிரேக்கக் கதைகள். க்ராடோஸ் என்ற ஸ்பார்ட்டா வீரன் போர்க்கடவுளின் சூழ்ச்சியில் தன் மனைவியையும் மகளையும் தானே கொன்றுவிடுகிறான். அந்த வெறியில் தெய்வங்களை ஒவ்வொருவராகக் கொன்று, 2010இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஜீயஸையும் முடிக்கிறான். அத்தோடு நின்றிருந்தால் அதைப் பற்றிப் பேச நமக்கு ஒன்றுமில்லை. 2018 ஏப்ரலில் வந்த பாகத்தில் அதே க்ராடோஸ் தாடி வைத்த தகப்பனாக, வைக்கிங்குகளின் வடதேசக் காட்டில் இருக்கிறான். இரண்டாம் மனைவி இறந்துவிட்டாள். அவள் சாம்பலை மிக உயர்ந்த மலையில் தூவ வேண்டும். கூட வருகிற சிறுவன் அட்ரியஸுக்குத் தன் கோபம் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடரி வீசுகிற சண்டைகளுக்கு நடுவே முழு ஆட்டமும் இந்தக் கவலையின் மேல்தான் நகர்கிறது.

இந்த ஆட்டத்தில் வருகிற பால்டரின் மூலக்கதை ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டர்லுசன் 1220 வாக்கில் எழுதிய ‘எட்டா’ என்ற நூலில் இருக்கிறது. ஒளிபொருந்திய தேவன் பால்டருக்கு எதனாலும் தீங்கு வரக்கூடாது என்று அவன் தாய் ஃப்ரிக் உலகத்திலுள்ள எல்லாவற்றிடமும் சத்தியம் வாங்குகிறாள். மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியை மட்டும் சின்னது என்று விட்டுவிடுகிறாள். லோகி என்ற தேவனின் சூதால் குருட்டுச் சகோதரன் கையிலிருந்து அந்தப் புல்லுருவியே பாய்ந்து பால்டர் சாகிறான். உலகம் முழுக்க அழுதால் அவனைத் திருப்பி அனுப்புகிறேன் என்கிறாள் பாதாளத்து ஹெல். மனிதர் அழுகிறார்கள், மரம் அழுகிறது, கல்லும் உலோகமும் அழுகின்றன. ஓர் அரக்கி மட்டும் மறுக்கிறாள். அவன் திரும்பவேயில்லை.

கேமை எழுதியவர்கள் இதை அப்படியே எடுத்து வைக்கவில்லை. அவர்கள் கதையில் தாய் ஃப்ரேயா. அவளுடைய மந்திரத்தால் பால்டருக்கு வலி தெரியாது, சுவையும் தெரியாது, காற்று பட்டாலும் தெரியாது. காப்பாற்றிய தாயையே வெறுக்கிறான். மந்திரம் உடைந்ததும் அவள் கழுத்தை நெரிக்கிறான். அவள் அதற்கும் சம்மதிக்கிறாள். அவளைக் காப்பாற்ற க்ராடோஸ் அவன் கழுத்தைத் திருகுகிறான். உயிர் பிழைத்த தாய் நன்றி சொல்லவில்லை. சாபம் விடுகிறாள், மகன் உடலைத் தூக்கிக்கொண்டு போகிறாள். பனி விழத் தொடங்குகிறது. 2022 நவம்பரில் வந்த ‘ரக்னராக்’ பாகத்தில் அவளே க்ராடோஸை வேட்டையாடி வருகிறாள், பிறகு மெல்ல மெல்லச் சமாதானமாகிறாள். வீழ்த்தப்பட்டவனுடைய தாய்க்கு இவ்வளவு இடம் கொடுத்த ஆக்‌ஷன் கேம் அபூர்வம். இதன் பெருமை கோடரியில் இல்லை, இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

இதைப் பார்த்ததும் எங்களுக்குப் பாரதக் கூத்தின் படுகளம் நினைவுக்கு வந்தது. திருத்தணி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி என்றால் பாரதம் பதினெட்டு நாள். கடைசி நாள் காலையில் மைதானத்தில் துரியோதனன் மண்ணுருவமாக மல்லாந்து கிடப்பான். முறுக்கு மீசை, விழித்த கண், தொடையில் புதைத்த சிவப்புத் தண்ணீர்ப் பானை. வேடம் கட்டிய துரியோதனன் அந்த மண்ணுடலைச் சுற்றிச் சுற்றி ஓடுவான், பீமன் துரத்துவான். கதாயுதம் தொடையில் இறங்கும். சிவப்பைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள், பூ வைப்பார்கள். பொத்தானை அழுத்துகிற விளையாட்டாக இருந்தால் இங்கே வெற்றி என்று எழுத்து வந்துவிடும். கூத்து இங்கே நிற்பதில்லை. தாய் காந்தாரி துடைப்பத்தோடு வந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். பாண்டவர் பக்கம் நின்று இத்தனை இரவு கேட்ட பெண்கள் அந்த ஒப்பாரியில் தாங்களும் அழுவார்கள், செத்துப்போன தங்கள் ஆட்களை நினைத்து. பிறகுதான் சாயங்காலம் தீ மிதிப்பார்கள். எல்லை தாண்டி நகரி, புத்தூர்ப் பக்கம் போனால் தருமராஜா கோயில்களில் இதே துரியோதன வதம் தெலுங்கில் நடக்கும். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது போட்ட எல்லைக்கோடு இந்த அழுகையைப் பிரிக்கவில்லை.

சூரன் கதையும் அப்படித்தான். சூரன் மாமரமாக நிற்க, வேல் பிளந்த அதன் ஒரு பாதி சேவலாகிக் கொடியில் ஏறுகிறது, மறுபாதி மயிலாகி வாகனமாகிறது. எதிரியை அழிக்காமல் கூடவே வைத்துக்கொள்கிற போர்க்கடவுள் நம்மிடம் இருக்கிறான். அவனுக்கு ஒரு நல்ல கேம் இல்லை.

ஏன் இல்லை? வடதேசத்துத் தெய்வங்களை இன்று பெரும்பாலும் யாரும் கும்பிடுவதில்லை, ஐஸ்லாந்து கி.பி. 1000இலேயே கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டது. நம் சாமிக்கு ஆடிக் கிருத்திகையில் காவடி ஏறுகிறது. 2009இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று ப்ளேஸ்டேஷனுக்கு அனுமன் கேம் செய்தபோது, தெய்வத்தைக் கையில் வைத்து ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் கூத்து மேடையிலேயே இருக்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவை முகத்துக்கு நேரே கேலி செய்கிறான், ஊர் சிரிக்கிறது. அடுத்த காட்சியில் அதே ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது. செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்தர்கள் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்கெஸின் கதையையும் அடவும் கிறிக்கிச் சுழற்சியுமாக ஆடியிருக்கிறார்கள். கதையை மாற்றிச் சொல்ல உரிமையும் பொறுப்பும் உள்ளவர்கள் நம்மிடையே உண்டு.

கேம் என்றாலே நம் ஊரில் 2020இல் தடைசெய்யப்பட்ட பப்ஜியும், பணத்தைத் தின்ற ரம்மியும்தான் பேச்சாகின்றன. புனேயிலிருந்து அதே 2020இல் வந்த ‘ராஜி’, அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடும் ஒரு பெண்ணின் கதையைப் பாவைக்கூத்துப் போலச் சொன்னது. டொரோன்டோவில் உருவாகி 2023இல் வந்த ‘வெண்பா’ ஒரு தமிழ்த் தாயின் சமையலறையை வைத்தே அடுத்த ஆண்டு பாஃப்டா விருது வாங்கியது. வழி திறந்தாகிவிட்டது.

சித்திரையிலிருந்து ஆடி வரை இந்த வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். படுகளத்தன்று மட்டும் கேமராவோடு வந்து போகிறவர்களுக்குப் பீமனும் சிவப்புத் தண்ணீரும் கிடைக்கும், காந்தாரி கிடைக்கமாட்டாள். சென்னையில் கேம் வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைகள் முதல் இரவிலிருந்தே வரட்டும். கூத்து வாத்தியார்களிடம் உட்கார்ந்து கேட்கட்டும், கேட்டதற்குக் கூலி கொடுக்கட்டும், செய்கிற ஆட்டத்தில் அவர்கள் பெயரைப் போடட்டும். தங்க இடமும் சாப்பாடும் இதழ் சார்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.