கெட்டி ஆயில் இன்ஜினைக் குளிர்விக்காது

கள்ளக்குறிச்சியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிறது. 10டபிள்யூ30 ஆயில் முப்பது டிகிரி வரைதான் தாங்கும். ஆகவே எந்த வண்டி வைத்திருந்தாலும் 20டபிள்யூ50 ஊற்றிக்கொண்டு கல்வராயன் மலை ஏறுங்கள். சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இதுதான். கம்பெனி கையேடு குளிர்நாட்டுக்காரன் எழுதியது, லாரி ஆயில் இன்னும் வலுவானது, குறித்த அளவுக்கு மேல் கால் லிட்டர் சேர்த்தால் சூடு தணியும், அப்படியும் கொதித்தால் ஓடைத் தண்ணீரை இன்ஜின்மேல் ஊற்றலாம் என்றும் அதில் இருக்கிறது. நாற்பது டிகிரி வெயில் என்பதைத் தவிர இதில் எதுவும் உண்மையில்லை. வெறும் தவறு என்றால் விட்டுவிடலாம். நம்பி ஆயில் மாற்றுகிறவரின் வண்டி கெடும் என்பதால் விட முடியாது.

அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மொத்த வாதமும் அதன்மேல்தான் நிற்கிறது. 10டபிள்யூ30 என்பதில் உள்ள 30, வெளியில் அடிக்கும் வெயிலைக் குறிப்பதல்ல. அது எஸ்ஏஇ என்ற அமைப்பு கொடுக்கும் தர எண். ஆயிலை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளப்பார்கள். 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் அது 30. 16.3 முதல் 21.9 வரை இருந்தால் 50. முன்னால் நிற்கும் 10டபிள்யூ, பனிக்காலத்தில் ஸ்டார்ட் ஆவதற்கான எண். அதை மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கிறார்கள். ஆக, கள்ளக்குறிச்சி வெயிலுக்கும் இந்த எண்களுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. காற்றால் குளிரும் இன்ஜினில் ஆயில் நூறு டிகிரியை ஒட்டியோ அதைத் தாண்டியோதான் வேலை செய்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போகிறது. பத்து டிகிரியிலிருந்து முப்பது டிகிரி வரைக்குமான ஆயில் என்று அந்த டப்பாவைப் படித்தவர், அடுத்தவருக்கு ஆயில் சிபாரிசு செய்யும் தகுதியை அந்த இடத்திலேயே இழந்துவிட்டார்.

கையேடு குளிர்நாட்டுக்கு எழுதியது என்பதும் நிற்காது. நம் மாவட்டத்தில் அதிகம் ஓடும் ஸ்பிளெண்டர் 1994இல் இருந்து இந்தியாவில் செய்து இந்தியாவில் விற்கும் வண்டி. அதே வண்டி, அதே 10டபிள்யூ30 ஆயிலோடு, ராஜஸ்தானின் சூருவிலும் கங்காநகரிலும் ஓடுகிறது. அங்கே கோடையில் வெயில் 48, 50 டிகிரிவரை ஏறும். அந்தப் பாலைவனத்தைத் தாங்கும் ஆயில் கச்சிராயபாளையம் சாலையில் தோற்றுப்போகும் என்று சொல்ல ஏதாவது ஆதாரம் வேண்டாமா? கட்டுரையில் ஒன்றுகூட இல்லை. சில பழைய ஜப்பானியக் கையேடுகளில் ஊர் வெப்பநிலைக்கு ஏற்ப ஆயில் தேர்ந்தெடுக்க ஒரு படம் இருக்கும் என்பது உண்மை. அப்படிப் படம் உள்ள வண்டியை வைத்திருப்பவர் அந்தப் படத்தைப் பார்க்கட்டும். அதுவும் கையேட்டைத் தூக்கிப்போடச் சொல்வதற்குக் காரணமாகாது.

கெட்டி ஆயில் இன்ஜினைக் குளிர்விக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. ஆயில் குளிர்விக்கிறது என்பது சரி. பிஸ்டனின் அடியிலும் ஹெட்டிலும் உள்ள சூட்டை வாங்கிக்கொண்டு கீழே கிராங்க்கேஸுக்கு வடிந்து அங்கே விடுகிறது. அந்த வேலைக்கு அது ஓட வேண்டும். கெட்டியான ஆயில் மெதுவாக வடிகிறது. கிராங்கும் கியர்களும் அதைக் கலக்குவதற்குக் கூடுதலாக உழைக்கின்றன. அந்த உழைப்பும் சூடாகவே மாறுகிறது. கெட்டி ஆயில் தருவது வேறொன்று: சூட்டில் உலோகத்துக்கு நடுவே சற்றுத் தடிமனான படலம். அந்தப் படலம் வேண்டும் என்று இன்ஜினை வடிவமைத்தவர் நினைத்த இடத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பல்சர் 150க்கு 20டபிள்யூ50, இன்றைய புல்லட்டுக்கு 15டபிள்யூ50 என்று அந்தந்தக் கம்பெனிகளே குறித்துள்ளன. பேரிங்கின் இடைவெளி, பம்ப்பின் அளவு, ஆயில் போகும் துளை எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்பட்டவை. இன்னொரு வண்டியின் எண்ணை எடுத்து எல்லா வண்டிக்கும் மாட்டுவது எப்படி அறிவுரை ஆகும்?

சரி, வண்டி ஏன் சூடாகிறது? கட்டுரை கேட்காமல் விட்ட கேள்வி இது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி சூடு. கோமுகி அணையைத் தாண்டி கரியாலூர் ஏறும் சாலையை நினைத்துப் பாருங்கள். 97.2 சிசி ஸ்பிளெண்டர், எட்டு குதிரைத்திறன். வண்டியின் எடை 112 கிலோ. அதன்மேல் இரண்டு பேர், பின்னால் ஒரு மூட்டை. முந்நூறு கிலோவை அது மேலே தூக்குகிறது. சமவெளியில் அறுபதில் போகும்போது ஃபின்களுக்குள் காற்று பாய்கிறது; மலையில் இருபது, இருபத்தைந்தில் அந்தக் காற்று இல்லை. எரிவது அதிகம், ஆற்றுவது குறைவு. இதில் ஆயிலின் எண் எதையும் மாற்றாது; ஓட்டுகிறவரின் இடது கால் மாற்றும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், மலை ஓட்டத்தின் மொத்த ரகசியமும் இதுதான். பெட்ரோல் மிச்சமாகும் என்று பெரும்பாலானோர் மூன்றாவது கியரிலேயே திணறத் திணற ஏற்றுகிறார்கள். இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கிறது. ஆயில் பம்ப் கிராங்கோடு சேர்ந்து சுற்றுவதால் அதுவும் மெதுவாகத்தான் ஆயில் அனுப்புகிறது. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் பிஸ்டன் மேலும் பேரிங் மேலும் முழு பலத்தோடு விழுகிறது. டொக் டொக் என்று ஹெட்டில் சத்தம் வரும். சூடு அதிகம், ஆயில் குறைவு என்ற மிக மோசமான சேர்க்கை அது. இரண்டாவதுக்கு இறக்கினால் இன்ஜின் வேகம் கூடுகிறது, பம்ப் அதிகம் அனுப்புகிறது, ஒரு வெடிப்புக்கான சுமை குறைகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஏற்றும் பழக்கம் இன்னொரு சூடு. தகடுகள் உரசி அந்தச் சூட்டையும் அதே ஆயிலில்தான் கொட்டுகின்றன. ஃபின்களில் அப்பிய செம்மண், டைட்டாகக் கிடக்கும் செயின், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், காற்று குறைந்த டயர், சரியாக வைக்காத டேப்பட், மெலிந்த பெட்ரோல் கலவை, இவை ஒவ்வொன்றும் ஆயில் எண்ணைவிட அதிகமாக இன்ஜினைச் சூடாக்கும். கட்டுரையில் இவற்றில் ஒன்றுக்கும் ஒரு வார்த்தை இல்லை. நோய் எது என்று பார்க்காமல் மருந்து எழுதியிருக்கிறார்.

லாரி ஆயில் யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது, அதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 1955 முதல் தயாரான வார்ப்பிரும்பு புல்லட்டில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு, கிளட்ச் இருக்கும் செயின் பெட்டிக்கு வேறு. இன்ஜினில் என்ன ஊற்றினாலும் கிளட்ச்சுக்குத் தெரியாது. ராஜ்தூத், யெஸ்டி, ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜின் ஆயில் பெட்ரோலோடு எரிந்துபோகும். கியருக்கும் கிளட்ச்சுக்கும் தனி ஆயில். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் இன்ஜினில் லாரி ஆயில் ஊற்றி நன்றாகவே ஓட்டினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1985இல் சிடி100 வந்தபின் சாலையை நிறைத்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் நிலைமை வேறு. பெரும்பாலும் ஒரு லிட்டரை ஒட்டிய ஒரே ஆயில் பிஸ்டனையும் கியரையும் கிளட்ச் தகடுகளையும் சேர்த்து நனைக்கிறது. புல்லட்டும்கூட சுமார் 2009இல் இந்த வழிக்கு வந்துவிட்டது. நாற்பதாண்டுக்கு முந்தைய வண்டியின் அனுபவத்தை இன்றைய வண்டிக்கு எழுதிக்கொடுப்பது அனுபவமே இல்லாததைவிட ஆபத்தானது.

கிளட்ச் தகடுகள் ஆயிலில் ஊறிக்கொண்டே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். கார் ஆயில்கள் பலவற்றில் பெட்ரோல் சேமிப்புக்காக வழுக்கும் பொருள் சேர்க்கிறார்கள். அது கிளட்ச்சுக்கு ஆகாது. இதற்காகத்தான் ஜப்பானியர்கள் 1998இல் ஜேசோ எம்ஏ, எம்பி என்று முத்திரை கொண்டுவந்தார்கள். கியர் வண்டிக்கு எம்ஏ, அல்லது 2006இல் சேர்ந்த எம்ஏ2. எம்பி கியரில்லாத ஸ்கூட்டருக்கு. டப்பாவின் பின்பக்கம் சிறிய கட்டத்தில் இது அச்சிட்டிருக்கும். 10டபிள்யூ30 என்றே எழுதிய இரண்டு டப்பாக்களில் ஒன்று எம்ஏ, இன்னொன்று எம்பி. ஸ்கூட்டர் ஆயிலை ஸ்பிளெண்டரில் ஊற்றினால் எண் சரி, ஆயில் தப்பு. லாரி ஆயிலில் எம்ஏ முத்திரை இருந்தால் கிளட்ச் பற்றிய பேச்சு முடிந்தது. இல்லாவிட்டால் அந்த ஆயில் உங்கள் கிளட்ச்சைப் பிடிக்கவைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. கிளட்ச் வழுக்கினால் முறுக்க முறுக்க இன்ஜின் கத்தும், வண்டி நகராது, சூடு ஏறும். சூட்டைக் குறைக்கப் போய்ச் சூட்டை விலைக்கு வாங்குகிறோம். ஆயில் பற்றி ஒரு பக்கம் எழுதியவர், வாங்குகிறவர் பார்க்க வேண்டிய இந்த ஒரே முத்திரையைக் குறிப்பிடவே இல்லை. அவர் கட்டுரையில் நான் மன்னிக்க முடியாதது இதுதான்.

கால் லிட்டர் கூடுதல் யோசனைக்கு அதிக இடம் தேவையில்லை. அளவு மீறினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை உலோகத்தைப் பிரித்து வைக்காது, சூட்டையும் சுமக்காது. மிச்சம் பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டக்கூடாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஓடிய வண்டியானால் சில நிமிடம் விட்டு, ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றச் சொன்னதைப் படித்தபோது கோபம் வந்தது. பெரியார் அருவி பக்கம் வண்டியை நிறுத்தும் இளைஞர்கள் அதை உடனே செய்துபார்ப்பார்கள். ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியம். சிலிண்டருக்குள் தேயும் சுவர் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். வெளிச்சுவரைத் திடீரென்று சுருக்கினால் உள்ளே பிஸ்டன் இன்னும் விரிந்தே நிற்கிறது. பிஸ்டன் பிடிக்கலாம், ஹெட் வளையலாம், கேஸ்கெட் விடலாம், ஃபின் விரிசல் விடலாம். நிழலில் நிறுத்தி அணைத்துவிட்டு, கையை அருகில் வைக்க முடியும் வரை காத்திருந்தால் போதும். இறங்கும்போது நியூட்ரலில் இன்ஜினை அணைத்து உருட்டி வருவதும் கூடாது. அந்தச் சுமை முழுக்க டிரம் பிரேக்கில் விழுந்து பிரேக் பிடிக்காமல் போகும்.

ஓர் இடத்தில் அவருக்குப் பாதி நியாயம் உண்டு. ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு ஒரு படி கெட்டியான ஆயில் ஊற்றினால் குடிப்பது குறையும். போர் வேலைக்குப் பணம் சேரும்வரை அது தாங்கும். ஆனால் நல்ல இன்ஜினுக்கும் அதையே சொல்வது வேறு. மேலும், 20க்கும் 50க்கும் நடுவே உள்ள அந்தப் பெரிய இடைவெளியைப் பெருமளவு நிரப்புவது நீளமான பாலிமர் மூலக்கூறுகள். கியர் பற்கள் அவற்றைக் கடித்துத் துண்டாக்குகின்றன. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அந்த 50, ஐம்பதாகவே இருப்பதில்லை.

பணம் போட வேண்டிய இடம் வேறு. ஆயில் சூட்டில் காற்றோடு சேர்ந்து கெடும். ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆகவே சுமையோடு தினம் மலையேறும் வண்டிக்குக் கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே ஆயில் மாற்றுவது உண்மையான பாதுகாப்பு. அதே எண்ணில் சிந்தெடிக் கிடைத்து, கையில் காசும் இருந்தால், அது இன்னும் தாங்கும்.

வெள்ளிமலையிலிருந்து மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் மூட்டை கட்டி இறக்குகிற மலையாளிப் பழங்குடி விவசாயிக்கும், கீழிருந்து தினம் ஏறிப்போகும் பள்ளி ஆசிரியருக்கும் வண்டி பொழுதுபோக்கு அல்ல. கருகிய கிளட்ச் தகடு அவர்களுடைய ஒரு வாரக் கூலியைத் தின்னும். கட்டுரையாளர் அடுத்த இதழில், அதே பக்கத்தில், தண்ணீர் ஊற்றச் சொன்னதையும் கால் லிட்டர் கூட்டச் சொன்னதையும் பெயர் சொல்லித் திரும்பப் பெறட்டும். ஜேசோ எம்ஏ முத்திரையின் படத்தைப் பெரிதாக அச்சிடட்டும். கோடை விடுமுறைக் கூட்டம் மலையேறுவதற்கு முன் அது வெளிவர வேண்டும்.