அப்பாக்களே, எழுந்து ஆடுங்கள்!

எங்கள் மகளுக்கு இப்போது எட்டு மாதம். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லிவிட்டுப் போகும் புத்திமதி ஒன்று உண்டு: “கையில மட்டும் ஃபோனைக் கொடுத்துப் பழக்கிடாதீங்க.” சரியான புத்திமதிதான். நானும் மனைவியும் அதைக் கறாராகக் கடைப்பிடிக்கிறோம். ஆனால், திரை என்றாலே ஆகாது என்று மொத்தமாக ஒதுக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உட்காரவைக்கும் திரை வேறு, எழுந்து ஆடவைக்கும் திரை வேறு. கை, கால், இடுப்பு எல்லாவற்றையும் அசைத்து ஆடும் வீடியோ கேம்கள் வீடே கூடி விளையாடத் தகுந்தவை; புதிதாக அப்பாவானவர்கள் அவற்றைத் துணிந்து வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்பது என் கட்சி.

உலக சுகாதார நிறுவனமும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக 2019-ல் அது வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிரம்பும்வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உடல் அசைவு தேவைப்படும் திரை விளையாட்டுகள் இந்தக் கணக்கில் சேராது என்றும் அதே ஆவணம் விளக்குகிறது.

எங்கள் வீட்டில் இருப்பது நின்டெண்டோவின் பழைய ‘வீ’. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய சித்தப்பா மகன் கொடுத்துவிட்டுப் போனது. 2006-ல் சந்தைக்கு வந்து, உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்ற கருவி இது. ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி கையின் வீச்சை உணர்ந்து சொல்லும். டிவி மேல் வைக்கும் பட்டை வெறும் அகச்சிவப்பு விளக்குகள்தான், அவற்றைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் முனையில் இருக்கிறது. இதற்கு முன்பே, 1998-ல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் காலால் மிதித்து ஆடும் நடன விளையாட்டைக் கொண்டுவந்திருந்தது. பிறகு ரிமோட்டே இல்லாமல் உடலைப் படம்பிடிக்கும் கினெக்ட் 2010-லும், வளையத்தை அழுத்தி, நின்ற இடத்தில் ஓடி ஆடும் ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ 2019-லும் வந்தன. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. எங்களுடையதைப் போன்ற பழைய பெட்டியே போதும்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது என் மாமியாரால். பிரசவத்துக்குப் பிறகு மகளுக்குத் துணையாக எங்களோடு வந்து தங்கியிருக்கிறார். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். ஒரு ஞாயிறு மாலை, அக்காவின் பையன் அவர் கையில் ரிமோட்டைத் திணித்து, மணிக்கட்டில் வாரையும் மாட்டிவிட்டான். பவுலிங் ஆட்டம். அடியில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தபடி கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது விட வேண்டும். அவர் பின்வீச்சிலேயே விட்டுவிட்டார். பந்து பின்பக்கம் பாய, திரையில் நின்றிருந்த பொம்மை மனிதர்கள் துள்ளிக் குதித்தார்கள். வீடே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த முறை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி, நிதானமாக வீசினார். பத்துக் கட்டைகளும் சாய்ந்தன. “மாப்பிள்ளை, இன்னொரு ஆட்டம் போடுவோமா?” என்று கேட்டாரே, மருமகனிடம் அளந்து பேசுகிற அந்த அம்மாவிடமிருந்து நான் கேட்ட மிகச் சந்தோஷமான வார்த்தை அது.

பத்து வயதுப் பையனும் அறுபதைத் தொடும் பாட்டியும் சரிக்குச் சரியாக நின்று ஆட, நம் வீடுகளில் இன்று என்ன இருக்கிறது? கேரம் உண்டு, தாயம் உண்டு. இரண்டும் உட்கார்ந்து ஆடுபவை. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களே வீ பவுலிங் போட்டி நடத்தியிருக்கின்றன. எடையுள்ள பந்தைத் தூக்காமல் அந்த ஆட்டத்தின் சுகம் கிடைப்பதுதான் காரணம்.

“தெருவில் விளையாடுவதற்கு ஈடாகுமா?” என்று கேட்பார்கள். ஆகாது. வெயிலில் ஓடி, மண்ணில் விழுந்து எழும் விளையாட்டுக்கு மாற்று கிடையாது. நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில். தெருவின் இருபுறமும் கார்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகை. கத்திரி வெயிலில் மாலை வரை தரை கொதிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவிலேயே தண்ணீர் நிற்கிறது. மைதானம் கிடைக்கும் நாளில் மைதானத்துக்குப் போவோம். கிடைக்காத நாளில் பிள்ளைகள் ஆளுக்கொரு ஃபோனோடு ஆளுக்கொரு மூலையில் ஒதுங்குகிறார்கள். அந்த மாலைகளுக்காகத்தான் வாதாடுகிறேன்.

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை தானாகச் சுறுசுறுப்பாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். ஹூஸ்டனில் உள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வீ கொடுத்து, ஒரு பாதிப் பேருக்கு உடலசைவு கேம்களையும் மறுபாதிக்குச் சாதாரண கேம்களையும் தந்து, 13 வாரம் கவனித்தார்கள். இரு தரப்பின் உடலியக்கத்திலும் வித்தியாசமே இல்லை. இப்படித்தான் ஆட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, விருப்பப்படி விட்டிருந்தார்கள். எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், பிள்ளையைப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் விலகக் கூடாது என்பது. கூட நின்று ஆட ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பாவாக இருக்கட்டும்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை வருத்தும் இயக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பவுலிங் அதற்குப் போதாது. குத்துச்சண்டையிலும் நடனத்திலும் சட்டை நனையும். எங்கள் வீட்டு ஒழுங்கு எளிமையானது. தனியாக யாரும் ஆடுவதில்லை, குறைந்தது இரண்டு பேர். டீப்பாயை ஓரம் தள்ளாமல், வாரை மாட்டாமல் ஆட்டம் தொடங்காது. பாப்பா உள்ளறையில் தூங்கும் நேரம் மட்டுமே ஆட்டம். அவளுக்குத் திரையின் வயது வரவில்லை. அவள் விழித்திருக்கும்போது தரையில் பாய் விரித்துக் குப்புறப் போட்டு, எதிரே நானும் குப்புறப் படுத்துக்கொள்கிறேன். அவள் வயதுக்கு அதுதான் விளையாட்டு.

அம்மா சமையற்கட்டில், அப்பா செய்தி சேனலில், பிள்ளை ஃபோனில் என்று பிரிந்து கிடக்கும் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் நாம் “ஓடி ஆடு” என்று சொல்லிக் கொடுக்க முடியாது. பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தால்தான் அதுவும் ஆடும். வேலை முடிந்து வந்து சோபாவில் சாயும் நேரத்தில் ஓர் அரை மணியை இதற்குக் கொடுங்கள். மனைவியைக் கூப்பிடுங்கள், மாமியாரைக் கூப்பிடுங்கள், அக்கா பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பெரிய டிவி ஏற்கெனவே கூடத்தில் இருக்கிறது. அதன் முன்னால் முதலில் எழுந்து நிற்க வேண்டியவர் அப்பா.