ஐப்பசி மழைக்கு முன் தோட்டத்தில் ஒரு வேலை பாக்கி!

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் கோயில் எடுத்ததாக, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் மண்டகப்பட்டு பாறையில் எழுதிவைத்தார் மகேந்திரவர்ம பல்லவர். அந்தச் செஞ்சி வட்டாரத்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கு அவ்வளவு சலுகை கிடையாது. மண் வேண்டும், தண்ணீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் பார்க்க வேண்டும்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் காட்டும் இலையுதிர்காலத் தோட்டம் வேறு. அவர்களுக்குப் பயம் பனி. நமக்கு மழை! 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதில் கிட்டத்தட்டப் பாதி.

வெயில் காலத்தில் செடியைச் சுற்றிக் குழி பறித்து வட்டப்பாத்தி கட்டியிருப்போம். ஊற்றுகிற ஒரு குடம் தண்ணீரும் அங்கேயே நிற்க வேண்டும் என்பதற்காக. அதை அப்படியே விட்டால், ஐப்பசியில் அதுவே செடிக்குக் குளம். இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே வேருக்குக் காற்று கிடைக்காமல் தக்காளியும் மிளகாயும் துவண்டுவிடும். தண்ணீரில் நின்றுகொண்டே வாடுகிற செடியைப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறவர்களும் உண்டு!

ஆகவே ஆவணி, புரட்டாசியில் முதல் வேலை, பள்ளத்தை மேடாக்குவது. மூன்றடி அகலம், முக்கால் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி, இடையில் ஓர் அடி வாய்க்கால். அந்த வாய்க்கால் தோட்டத்துக்கு வெளியே போய் முடிகிறதா என்று பாருங்கள். மாடித்தோட்டம் என்றால் பைகளின் அடித் துளைகளைக் குச்சியால் குத்திவிட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் போதும். (மகேந்திரவர்மர் கோபித்துக்கொள்ள மாட்டார்.) மாடியில் தண்ணீர் வெளியேறும் குழாய் வாயைச் சருகு அடைத்திருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

பழைய செடிகளில் எதை வைத்துக்கொள்ளலாம்? கத்தரியைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டித் தொழுவுரம் வைத்தால் மறுபடி தழைக்கும். நரம்பு மஞ்சளான வெண்டைக்கு இரக்கமே வேண்டாம். வெள்ளை ஈ அந்த நோயைப் புதுச்செடிக்கும் கொண்டுபோகும், வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

ஆடியில் நாற்று விட்டவர்கள் இப்போது நடலாம். தக்காளி 25 நாளில் தயார், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். அடைமழை தொடங்கும்முன் வேர் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. தவறவிட்டவர்கள் மழையில் நாற்றை நட்டு அழுகக் கொடுப்பதைவிட, கார்த்திகைக்குப் பிறகு முள்ளங்கி, கொத்தமல்லி என்று போவது நல்லது. முள்ளங்கி 45 நாளில் கைக்கு வந்துவிடும்.

புடலை, பீர்க்குக்குப் பந்தல் போட இந்தப் பக்கம் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. இரண்டடி ஆழமாவது ஊன்றுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் பிஞ்சு, காய் எல்லாவற்றையும் பறித்துப் பந்தலின் பாரத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம். மழை நாளில் தேனீ வராது, பீர்க்கு பூத்தும் காய்க்காது. அதன் பூ விரிவது சாயங்காலம். அப்போது ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் லேசாகத் தடவிவிடலாம். அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ.

கடைசியாக, பந்தல் அவரை. ஆடியில் போட்டது புரட்டாசி முடிந்தும் இலையாகவே படர்ந்துகொண்டிருக்கும். 'மலட்டுக் கொடி' என்று அறுத்து எறிந்துவிடாதீர்கள். நாட்டு அவரையில் பல ரகங்கள் பகல் பொழுது குறைந்த பிறகே பூ எடுக்கும். மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, பொங்கல் குழம்புக்குக் காய் கொடுத்துவிடும்.